பார்த்தால் எழுத வேண்டும்

மேலே நின்று மகள் அளவு சொல்லச் சொல்ல, கீழே அவளுடைய அலுவலகத்தார் மாடிப்படிக்கு முதுகைக் காட்டியபடி படம் வரைந்துகொண்டிருந்தார்கள்.

"அகலம் ரெண்டே கால் அடி."

"சுவத்துக்கு சுவரா?" என்று கேட்டார் மேற்பார்வையாளர். அவர் முதுகைக் காட்டியது போதாதென்று கண்ணையும் மூடியிருந்தார். ஓய்வு பெறக் கொஞ்ச காலமே இருந்தது. அந்த நிலையில் இருப்பவர்கள் எதையும் பார்க்க விரும்புவதில்லை.

"சுவத்துக்கு சுவர்தான் சார்."

டேப்பின் முனையை வெறுங்காலால் அழுத்திக்கொண்டு அவள் படியின் உச்சியில் நின்றாள். பின்னால் இருந்த அறையில் அப்பா கட்டிலில் கிடந்தார். காலையில் சவரம் செய்துகொண்டிருந்தவர் கண்ணாடிக்கு முன்னால் நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டார் என்று தம்பி சொன்னான். டாக்டர் வந்து பார்த்து, இதயம் என்று சொல்லிவிட்டுப் போனார். வலது கன்னம் மழமழவென்று இருந்தது. இடது கன்னத்தில் சோப்பு நுரை காய்ந்து, வெள்ளையடித்துப் பாதியில் விட்ட சுவர் மாதிரி இருந்தது.

அவரைக் கீழே கொண்டுவர வேண்டும். காரியம் அவ்வளவுதான். அந்தப் படியில் ஒரு பெட்டி திரும்புமா என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. அதைக் கணக்குப் போட்டுச் சொல்லக்கூடியவர்கள் ஊரில் நாலு பேர் உண்டென்றால் நாலு பேரும் அப்போது அந்த வீட்டுக் கூடத்தில்தான் இருந்தார்கள். ஆனால் அவர்கள் திரும்பிப் பார்க்க முடியாது.

மகள் நகர நிர்வாகத்தின் கட்டட அனுமதிப் பிரிவில் வேலை பார்த்தாள். வீடு கட்டுகிறவர்கள் வரைபடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்து, டோக்கன் வாங்கி, அவளுடைய கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் நிற்பார்கள். அவள் படத்தை விரித்து ஸ்கேலை எடுத்துவிட்டாள் என்றால் முடிந்தது. பக்கத்தில் விட்ட இடம் போதாது, படியின் அகலம் போதாது, காற்று வர வழி போதாது என்று சிவப்பு மையில் வட்டம் வட்டமாகப் போட்டுத் திருப்பிக் கொடுப்பாள். மேஸ்திரிகள் அவளுக்கு அங்குலம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள். கல்யாண போட்டோ எடுக்கும்போது அவள் மாப்பிள்ளையிடம், பக்கத்தில் இடம் விட்டு நில்லுங்கள் என்று சொன்னதாக ஒரு கதை உண்டு. மாப்பிள்ளை இதை இன்றுவரை மறுத்ததில்லை.

அந்தப் பிரிவில் ஒரு விதி இருந்தது. பிரிவைச் சேர்ந்தவர், வேலை நாளோ விடுமுறையோ, அனுமதி இல்லாத கட்டடம் ஒன்றைக் கண்ணால் பார்த்தால் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். எழுதினால் ஆள் வரும். ஆள் வந்தால் அவருக்குப் பின்னால் இடிக்கிற இயந்திரம் வரும். பார்த்துவிட்டு எழுதாமல் இருந்தால் வேலை போகும். பார்க்காததை எழுதச் சொல்லி மட்டும் விதியில் எங்கும் இல்லை. ஆகவே பிரிவில் இருந்தவர்களின் கழுத்து நாளடைவில் ஒரு பழக்கத்துக்கு வந்துவிட்டது. தெருவில் தரையைப் பார்த்தே நடப்பார்கள். சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போனால் வாசல் அறையோடு சரி. அவர்களில் ஒருவர், மாமனார் வீட்டுக் கொல்லைப்புறம் எப்படி இருக்கும் என்றே தெரியாமல் மூன்று பிள்ளை பெற்றுவிட்டார். அங்கே எட்டு அறையோடு ஒரு லாட்ஜ் நடந்துகொண்டிருந்தது ஊருக்கெல்லாம் தெரியும்.

அப்பாவின் மாடி அறைக்கு அனுமதி கிடையாது.

அவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வாட்டசாட்டமான ஆள். ஸ்டியரிங்குக்கும் அவர் வயிற்றுக்கும் நடுவே ஒரு டிக்கெட்டைச் செருகினால் கடைசி ஸ்டாப் வரை விழாது என்று கண்டக்டர்கள் சொல்வார்கள். மகளை அலுவலகத்தில் பயிற்சிக்காக வெளியூர் அனுப்பியிருந்த சமயம் பார்த்து, வீட்டின் பின்பக்கமாக, தெருவிலிருந்து தெரியாதபடி அந்த அறையை எழுப்பிவிட்டார். பரணுக்குப் போகிற பழைய படிகள் திருப்பம் வரைக்கும் இருந்தன. அவை வீட்டோடு சேர்த்து அனுமதி வாங்கியவை. திருப்பத்துக்கு மேலே உள்ளதெல்லாம் அவர் சேர்த்தது. அதையும் பஸ் படியை அளந்து பார்த்து அதே அளவில் போடச் சொன்னார். இவ்வளவு குறுகலாகவா என்று மேஸ்திரி கேட்டதற்கு, என் பஸ்ஸில் பிள்ளைத்தாய்ச்சி ஏறினாள், ஆட்டுக்குட்டி ஏறியது, ஒரு தடவை ஒருத்தன் பீரோவைத் தூக்கிக்கொண்டு ஏறினான், டிக்கெட்டும் எடுத்தான் என்றார். மேஸ்திரி கலவையைக் குழைக்கப் போனார். திருப்பத்தில் பிடித்துக்கொள்ள, உடைப்புக்குப் போன ஒரு பஸ்ஸிலிருந்து கம்பம் ஒன்றை வாங்கி வந்து நட்டார். ஆயிரக்கணக்கான கைகள் பட்டுப் பளபளத்த கம்பம்.

பயிற்சி முடிந்து வந்த மகள் விஷயம் என்ன என்று தெரியாமல் மூன்றாவது படியில் கால் வைத்தபோது, மேலேயிருந்து குரல் வந்தது.

"செக்கிங் வந்துடுச்சா? அங்கயே நில்லு. மேல வராத."

"ஏம்பா?"

"வந்தா பாப்ப. பாத்தா எழுதுவ. எழுதாம இருக்க உனக்கு வராது. அப்புறம் ரெண்டு பேருக்கும் சங்கடம்."

அவளுக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னது சரியாக இருந்ததால் கோபம் இன்னும் கூடியது. அன்றைக்கு இறங்கியவள் பிறகு ஏறவில்லை. கால் நன்றாக இருந்தவரை அவரே கீழே வந்து கூடத்தில் உட்கார்ந்து பேசினார். பிறகு முழங்கால் இரண்டும் மக்கர் பண்ண ஆரம்பித்தன. இறங்கினால் ஏற முடியாது, ஏறினால் இறங்க முடியாது என்றானபோது அவர் மேலேயே இருந்துகொள்வது என்று முடிவு செய்தார். தம்பியும் தம்பி மனைவியும் சாப்பாட்டை மேலே கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

வாரத்தில் ஒரு நாள் மகள் வருவாள். திருப்பத்துக்குக் கீழே, அனுமதியுள்ள படியில் உட்காருவாள். திருப்பத்துக்கு மேலே அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். நடுவில் சுவரின் மூலை. அவருடைய இருமலும் அவளுடைய வளையல் சத்தமும் அந்த மூலையைச் சுற்றிப் போய் வரும். அவருக்கு முன்பல் விழுந்ததை அவள் குரலிலிருந்துதான் கண்டுபிடித்தாள். பல்லு போயிடுச்சாப்பா என்று கேட்டதற்கு, உனக்குத்தான் எதுவும் பாக்கத் தெரியாதே, எப்படிக் கண்டுபிடிச்ச என்றார்.

இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. இன்றைக்கு அவள் வருகிற நாள். கிளம்பிக்கொண்டிருந்தபோது தம்பி போன் செய்தான். வந்தவள் திருப்பத்தில் நிற்காமல், கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறிவிட்டாள். இறந்தவரைப் பார்க்கப் போகிறவர்கள் கண்ணை எங்கே வைத்துக்கொள்ள வேண்டும் என்று விதியில் எதுவும் இல்லை.

பெட்டியோடு வந்த வண்டிக்காரர் படியைப் பார்த்ததுமே, கட்டில் எப்படி மேலே போயிற்று என்று கேட்டார். மரத்தைத் துண்டு துண்டாகக் கொண்டுபோய் அங்கேயே செய்தது என்றான் தம்பி. அப்படியென்றால் துணியில் சுற்றிக் கட்டித்தான் இறக்க வேண்டும் என்றார் அவர். தம்பி சாந்தமானவன், செருப்புக் கடையில் வேலை. ஒருவர் பத்து ஜோடியைப் போட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் வாங்காமல் போனாலும் முகம் சுளிக்க மாட்டான். அவனே முகத்தைச் சுளித்தான்.

"எங்கப்பா என்ன மூட்டையா?"

நாற்காலியில் உட்காரவைத்து, பெல்ட்டால் கட்டி, படி படியாக இறக்கலாம் என்றார் வண்டிக்காரர். போன மாதம் ஒரு ரிட்டயர்டு ஜட்ஜை அப்படித்தான் இறக்கினாராம், பார்த்தவர்கள் வணக்கம் சொன்னார்களாம். இதற்கும் தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. மகளும் ஒத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரத்தில் உடம்பும் விறைத்துவிட்டதால் அதற்கு மேல் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

இந்த நேரத்தில்தான் மலர்வளையத்தோடு பிரிவு வந்து சேர்ந்தது. மேலே ஏறிப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று தம்பி மனைவி சொன்னாள். பிரிவு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. பிறகு திருப்பத்துக்குக் கீழே நின்று, தரையைப் பார்த்து மௌனமாக அஞ்சலி செய்தது. மலர்வளையத்தை முதல் படியில் சாத்தி வைத்தார்கள். விஷயத்தைக் கேள்விப்பட்டதும் மேற்பார்வையாளர் தன் பையிலிருந்து தாளை எடுத்தார். நாம பாக்க வேண்டாம், அது நம்ம வேலையும் இல்ல, அளவு சொன்னா போதும், நாம என்ன தினமும் கட்டடத்தைப் பாத்தா முடிவு பண்றோம் என்றார். இது உண்மைதான்.

அவர்கள் உணவு மேசையில் தாளை விரித்து, படியை அளவு மாறாமல் சின்னதாக வரைந்தார்கள். பெட்டியை அதே கணக்கில் தனியாக ஒரு துண்டுத்தாளில் வெட்டி, படத்தின் மேல் வைத்து நகர்த்தினார்கள். துண்டுத்தாள் நேராகத் திரும்பவில்லை. தலைப்பக்கத்தை உயர்த்தி ஒருக்களித்தால் திரும்பும் என்று ஒருவர் சொன்னார். கணக்குப் போட்டார்கள். திரும்பியது. ஒரு விரற்கடை மிச்சமும் இருந்தது. மேற்பார்வையாளர் பழக்கதோஷத்தில் படத்தின் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டார்.

வண்டிக்காரரும் அவருடைய கூட்டாளியும் காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். மேலேயிருந்து தம்பி தலைப்பக்கத்தைப் பிடித்து இழுத்தான். பெட்டி ஒருக்களித்தது, உயர்ந்தது, திருப்பத்துக்குள் பாதி நுழைந்தது. அப்புறம் டங் என்று ஒரு சத்தம். பெட்டி நின்றுவிட்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை.

வரைபடத்தில் படியின் அகலம் என்றால் சுவரிலிருந்து சுவர். கைப்பிடி கணக்கில் வராது. அது மனிதன் பிடித்துக்கொள்ள வைத்தது, கட்டடத்தில் சேர்த்தி இல்லை. அவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான் அளந்து வந்திருக்கிறாள். காலையில் அந்தக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினாள். அளக்கும்போது அது அவள் கண்ணில் படவே இல்லை.

"என்னம்மா சத்தம்?" என்று கேட்டது மூடிய கண்.

"கம்பம் சார்."

"படத்துல கம்பம் இல்லையே."

"இல்ல சார்."

கம்பத்தை அறுக்கலாம் என்றால் அறுக்கிற ஆள் ஏறிவரப் பெட்டியே தடை. வண்டிக்காரர் தள்ளினார், தம்பி இழுத்தான், பெட்டி இன்னும் இறுகியது. இப்போது நிலைமை என்னவென்றால், கீழே உறவும் பிரிவும் பெட்டிக்காரர்களும் இருந்தார்கள். மேலே அப்பாவும் அவருடைய இரண்டு பிள்ளைகளும் மட்டும். அவர் உயிரோடு இருந்தபோது இப்படி மூன்று பேரும் ஓர் அறையில் இருந்து எவ்வளவோ காலம் ஆகியிருந்தது.

காற்று வேண்டும்போல இருந்தது. அவள் பின்கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். அங்கே ஒரு பால்கனி இருந்தது. அவள் நின்றுவிட்டாள்.

பக்கத்தில் அவரவர் நிலத்தில் அஞ்சடி விட வேண்டும் என்பது விதி. அப்பாவின் அறை தன் பங்கு அஞ்சடியையும் விழுங்கியிருந்தது. பால்கனி அதோடு நிற்காமல் எல்லையைத் தாண்டி, பக்கத்து வீட்டுக்காரரின் ஆகாயத்தில் போய் நின்றிருந்தது. அந்த வீட்டு மொட்டை மாடிக்கும் இதற்கும் நடுவே ஒரு முழம் இருந்தால் அதிகம். இப்படி ஒரு மீறலை அவள் படத்தில்கூடப் பார்த்ததில்லை. இப்படி வரைந்து எடுத்துக்கொண்டு வரும் துணிச்சல் யாருக்கும் இருந்ததில்லை.

எதிர் மாடியில், கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு பேக்கரிக்காரர் நின்றிருந்தார். கை ரோமமெல்லாம் மாவு.

அவரை அவளுக்கு நன்றாகத் தெரியும். வீட்டைப் பெரிதாக்க அவர் கொண்டுவந்த படத்தைப் படியின் அகலத்துக்காக மூன்று முறை திருப்பி அனுப்பியிருந்தாள். நான்காவது முறை அவர் நாலடிக்குப் படி வைத்தார். அதற்காக ஓர் அறையை எடுத்துவிட்டார். கல்யாணமாகி வரப்போகிற மகனுக்கென்று வரைந்திருந்த அறை அது. மகன் வேறு ஊரில் வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு தெருவில் அவளைப் பார்த்தால் பேக்கரிக்காரர் எதிர்ப்பக்கம் போய்விடுவார். அவளும் தரையைப் பார்த்து நடப்பவள் ஆகையால் இருவருக்கும் சிரமம் இருந்ததில்லை.

"அண்ணே," என்றாள்.

"அண்ணனா? கவுன்டர்ல அடுத்தவர்னுதான கூப்பிட்டீங்க."

அவள் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"எல்லாம் கேட்டுச்சு. கணக்கு போட்டதும் கேட்டுச்சு, டங்குனு அடிச்சதும் கேட்டுச்சு," என்றார் அவர். "என்ன வேணும்? வாயால சொல்லுங்க மேடம். நான் அப்படித்தான் நின்னு சொன்னேன்."

மகள் ஒரு முழ இடைவெளியைப் பார்த்தாள். கீழே ஒரு சந்து, அதில் ஒரு உடைந்த வாளி. பிறகு நிமிர்ந்தாள்.

"அப்பாவ உங்க படி வழியா இறக்கணும்."

பேக்கரிக்காரர் கையில் ஒட்டியிருந்த மாவை நகத்தால் சுரண்டினார். மூன்று முறை திருப்பி அனுப்பியவளை ஒரு முறையாவது திருப்பி அனுப்ப அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. அவள் அதற்குத் தயாராகவே நின்றாள்.

"அந்த இடத்துலதான் உக்காருவாரு," என்றார் அவள் நின்றிருந்த இடத்தைக் காட்டி. "நான் அடுப்பு வேலைய முடிச்சிட்டு இங்க வந்து நிப்பேன். பன்னு குடுப்பேன், வாங்கிப்பாரு. என் ஆகாசத்துல உக்காந்துகிட்டு என் பன்ன தின்னுகிட்டு, உப்பு கம்மிம்பாரு."

"நீங்க எழுதிப் போட்டிருக்கலாமே."

"எழுதலாம்னுதான் இருந்தேன். எழுதினா நீங்க வந்து பாக்கணும். பாத்தா இடிக்கணும். இடிச்சா அந்த மனுஷன் எங்க உக்காருவாரு? என் பையன் போன பிறகு நான்தான் யார்கூட பேசுவேன்?"

கீழே யாரோ எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று விசாரிப்பது கேட்டது.

"ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்," என்றார் பேக்கரிக்காரர். "நீங்க வர்ற அன்னிக்கு மட்டும் ஷேவ் பண்ணிப்பாரு. மத்த நாள்ல கரடி மாதிரி இருப்பாரு. சட்டையும் அன்னிக்குத்தான். அவதான் உங்கள பாக்கப்போறதே இல்ல, யாருக்குய்யா இந்த அலங்காரம்னு கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"செக்கிங் வர்ற அன்னிக்கு யூனிபார்ம் போடணும்னாரு."

அவள் தலையை ஆட்டினாள். தகவல் ஒன்றைக் குறித்துக்கொள்கிறவள் மாதிரி ஆட்டினாள்.

"பலகை எடுத்தாரேன்," என்று சொல்லிவிட்டு பேக்கரிக்காரர் படியிறங்கிப் போனார்.

அறைக்குள் கண்ணாடியின் கீழே கிண்ணமும் பிரஷும் ரேசரும் அப்படியே இருந்தன. அவள் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி நுரை எழுப்பினாள். நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அப்பாவின் இடது கன்னத்தில் தடவினாள். யாருக்கும் அவள் சவரம் செய்துவிட்டதில்லை. இருந்தாலும் கோடு போடுவதில் பழகிய கை. காதோரத்திலிருந்து தாடை வரை நேராக இழுத்தாள். துண்டில் துடைத்தாள். அடுத்த கோடு. பெட்டியின் தலைப்பக்கத்தைப் பிடித்தபடியே நின்றிருந்த தம்பி கொஞ்ச நேரம் பார்த்தான்.

"அக்கா, அவருக்குக் கீழேர்ந்து மேல இழுத்தாத்தான் பிடிக்கும்."

"ரத்தம் வரும்டா."

தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டான். அவள் மேலிருந்து கீழாகவே இழுத்து முடித்து, இரண்டு கன்னத்தையும் புறங்கையால் ஒப்பிட்டுப் பார்த்தாள். பிறகு கொடியிலிருந்து ஒரு சட்டையை எடுத்து, தம்பியும் அவளுமாகச் சேர்ந்து மாட்டிவிட்டார்கள். முதுகுப்பக்கம் மாட்ட முடியாமல் நடுவில் வெட்ட வேண்டியிருந்தது. முன்னால் பொத்தானெல்லாம் ஒழுங்காகப் போட்டார்கள்.

பேக்கரிக்காரர் கொண்டுவந்த பலகை, ரொட்டிகளை வரிசையாக வைத்து அடுப்புக்குக் கொண்டுபோகிற பலகை. ஆள் நீளத்துக்கு மேல் இருந்தது, கனமாகவும் இருந்தது. அவரோடு அடுப்பு வேலைக்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். பலகையை இந்தப் பக்கம் நீட்டி, அப்பாவை அதில் கிடத்தி, போர்வையால் சுற்றி, மாவு மூட்டைக் கயிற்றால் நாலு இடத்தில் கட்டினார்கள். மூட்டைக் கயிறுதான், ஆனால் தம்பி இந்த முறை ஒன்றும் சொல்லவில்லை.

இதற்குள் செய்தி கீழே போய்விட்டது. பக்கத்து வீட்டுப் படி என்றதும் பிரிவுக்கு உயிர் வந்தது. அது அவர்களே முத்திரை குத்திய படி. தாராளமாகப் பார்க்கலாம், ஏறலாம். நாலு பேரும் தலைநிமிர்ந்து கடகடவென்று ஏறினார்கள். ஏறும்போதே ஒருவர், நாலடி நாலடிதான்யா என்று சுவரைத் தட்டிக் கொடுத்ததாகச் சொல்கிறார்கள். மொட்டை மாடிக்கு வந்ததும் எதிரே அந்த அறையும் பால்கனியும் ஆளை இடிப்பதுபோல நின்றன. பிரிவு ஒரே சமயத்தில் குனிந்து தன் செருப்புகளைப் பார்த்தது.

அப்படிக் குனிந்தபடியேதான் அவர்கள் அவரை வாங்கிக்கொண்டார்கள். தலையை நிமிர்த்தாமல், பலகையின் ஓரத்தை மட்டும் பார்த்து, கையை நீட்டினார்கள். பால்கனிப் பக்கம் தம்பியும், அங்கே தாண்டிப் போயிருந்த பேக்கரிக்காரரும், மொட்டை மாடிப் பக்கம் அடுப்பு வேலைக்காரர்களும் பிரிவும். பலகை ஒரு முழ இடைவெளியைத் தாண்டியது. விதிப்படி இரண்டு பக்கமும் இடம் விட்டிருந்தால் நடுவில் பத்தடிப் பள்ளம் இருந்திருக்கும், எந்தப் பலகையும் எட்டியிருக்காது. இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மேற்பார்வையாளர் மட்டும் இடைவெளியை ஒரு கணம் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, பார்க்காதவராகிவிட்டார்.

கடைசியாக மகள் தாண்டினாள். அவளுக்கு முன்னால் திரும்பித் தாண்டியிருந்த பேக்கரிக்காரர் கையை நீட்டினார். அவள் பிடித்துக்கொண்டாள்.

படியில் அவர்கள் இரண்டு இரண்டு பேராக, பலகையின் இரு பக்கமும் தோளோடு தோள் சேர்ந்து இறங்கினார்கள். எங்கும் இடிக்கவில்லை. திருப்பத்தில் தளம் அகலமாக இருந்தது. அங்கே ஒரு தையல் மெஷினும் துணி காயப்போடும் ஸ்டாண்டும் இருந்தும் பலகை தாராளமாகத் திரும்பியது. கொஞ்சம் இறக்கி வைத்து மூச்சு வாங்கலாம் என்றார் பேக்கரிக்காரர். இறக்கி வைத்தார்கள்.

"இதுதான் என் பையன் ரூம்," என்றார் மூச்சு வாங்கியபடி, பொதுவாக.

மகள் பலகையருகே குனிந்து, கயிறு இறுகி மடங்கியிருந்த சட்டைக் காலரை எடுத்து நேராக விட்டாள்.

"நல்ல படிண்ணே," என்றாள்.

"ம்," என்றார் அவர். "தூக்குங்க."

பெட்டியைப் படியிலிருந்து விடுவித்தது பேக்கரிக்காரரின் மனைவி. ரொட்டி டின்னுக்குத் தடவுகிற எண்ணெயை ஒரு போசி நிறையக் கொண்டுவந்து, கம்பத்துக்கும் பெட்டிக்கும் நடுவே கைவிட்டு வழித்துப் பூசினாள். வண்டிக்காரர் ஒரு காலைச் சுவரில் ஊன்றி இழுத்தார். பெட்டி வழுக்கிக்கொண்டு, அவரையும் அவருடைய கூட்டாளியையும் மலர்வளையத்தையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு கூடத்துக்கு வந்து நின்றது. இருபது வருஷத் தொழிலில் பெட்டி தன்னைத் துரத்தியது இதுவே முதல் தடவை என்று அவர் பிறகு எல்லோரிடமும் சொன்னார்.

வாசலில் வைத்து அப்பாவைப் பெட்டிக்கு மாற்றினார்கள். பார்க்க வேண்டியவர்கள் பார்த்தார்கள். நல்லா ஷேவெல்லாம் பண்ணி, தூங்கற மாதிரி இருக்காரு என்று தூரத்து அத்தை ஒருத்தி சொன்னாள். பிரிவும் வந்து, இப்போது தரையில் இருந்ததால், நேராகவே பார்த்தது.

பேக்கரி வாசல் குழாயில் மேற்பார்வையாளர் கை கழுவிக்கொண்டிருந்தபோது மகள் டம்ளரில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார். அவர் கெட்டவர் அல்ல. கேட்க வேண்டியதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். பிரிவில் மேலே ஏறியது அவள் ஒருத்திதான்.

"ஏம்மா," என்றார் தெருவைப் பார்த்தபடி. "மேல என்ன பாத்த?"

"அப்பாவத்தான் சார் பாத்தேன்."

அவர் கொஞ்ச நேரம் டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அவளிடம் கொடுத்தார்.

"அப்படின்னா எழுத ஒண்ணும் இல்ல. லீவு எத்தன நாள் வேணுமோ எடுத்துக்க."

வண்டியின் பின்பக்கம் பெட்டிக்கு இருபுறமும் நீள இருக்கை இருந்தது. தம்பி முன்னால் ஏறிக்கொண்டான். பேக்கரிக்காரர், வண்டிக்குப் பின்னால் வருகிறேன் என்று தன் ரொட்டி வண்டியைக் கிளப்பப் போனார். மகள் பெட்டியருகே உட்கார்ந்தாள். பக்கவாட்டில் எண்ணெய் பூசிய இடத்தில் தெருப்புழுதி ஒட்டி ஒரு பட்டையாகக் கறுத்திருந்தது. அவள் சேலைத் தலைப்பால் துடைத்தாள். எண்ணெய் போகவில்லை, மரத்தில் இன்னும் கொஞ்சம் பரவியது. சுடச்சுட ரொட்டி இறக்கிய வாசனை வந்தது. மறுபடி துடைத்தாள்.

"போலாங்களா?" என்று கேட்டார் டிரைவர்.

"ம். பள்ளம் பாத்து."

வண்டி நகர்ந்தது. தெருமுனை வரும்வரை அவள் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் தலைப்பை மடியில் விட்டுவிட்டு, வெறும் கையை அங்கேயே வைத்துக்கொண்டாள்.